‘தவறும் பட்சத்தில்’ எங்கே இருக்கிறது? கிரய ஒப்பந்தத்தை வாசிப்பது எப்படி

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பத்திர எழுத்தரிடம் ஆறு வருஷம் டைப் அடித்தவன் நான். வக்கீல் இல்லை. சிக்கல் பெரிதென்றால் வக்கீலிடம் போய்த்தான் ஆகணும், அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கிரய ஒப்பந்தத்தில், அதாவது பின்னால் கிரயம் எழுதி விற்கவும் வாங்கவும் முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிற தாளில், என்ன எழுதியிருக்கிறது என்பதை நாமே ஒரு தடவை வாசித்துப் புரிந்துகொள்ள முடியும், அதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைத்தான் யாரும் செலவு பண்ண மாட்டேன் என்கிறார்கள். வீடு வயல் வாங்குகிறவர் ஜாதகம் பார்க்கிறார், நல்ல நேரம் பார்க்கிறார், ‘இதெல்லாம் வழக்கமா எழுதுறதுதான் அண்ணாச்சி, கையெழுத்தப் போடுங்க’ என்று புரோக்கர் சொன்னதும் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறார்.

வழக்கமாக எழுதுவதுதான் என்பது உண்மை. புதிதாக யாரும் எதையும் எழுதுவதில்லை. போன வாரம் வேறு யாருக்கோ அடித்த ஃபைலைத் திறந்து, பெயர், அப்பா பெயர், சர்வே நம்பர், தொகை, தேதி இவற்றை மாற்றினால் உங்கள் ஒப்பந்தம் தயார். ஒருமுறை வெறும் வீட்டுமனை ஒன்றுக்கு அடித்த ஒப்பந்தத்தில் ‘கிணறு, மின் மோட்டார், பம்புசெட் சகிதம்’ என்று பழைய வரி அப்படியே நின்றுவிட்டது. அந்த மனையில் இருந்தது ஒரு வேப்பமரம் மட்டும்தான். இரண்டு பக்கத்தாரும் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சிகளும் போட்டார்கள், ஒருத்தரும் பார்க்கவில்லை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இப்படி மிச்சம் நிற்கிற வரி கெடு பற்றியதாகவோ முன்பணம் பற்றியதாகவோ இருந்தால் சிரிக்க முடியாது.

சரி, வாசிக்கிற முறைக்கு வருவோம். கையெழுத்துக்கு ஒரு நாள் முன்னாடியே ஒரு நகல் கேட்டு வாங்கிவிடுங்கள். ‘நாளைக்கு நேரே வாங்க, அங்க வச்சுப் படிச்சுக்கிடலாம்’ என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்திரத் தமிழ் பயமுறுத்துவதற்குக் காரணம், ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடும் என்பதுதான். யார் என்பது மேலே முதல் வரியில் கிடக்கும், என்ன செய்யணும் என்பது இருபது வரி தாண்டி ‘வேண்டியது’ என்று கடைசியில் வரும், நடுவில் முழுக்க ‘யும், யும்’ என்று கோர்த்திருக்கும். பென்சிலை எடுத்துக்கொண்டு முதலில் கீழே இருக்கிற வினையைப் பிடியுங்கள். ‘வேண்டியது’, ‘கடமைப்பட்டவர்’ என்றால் கட்டாயம். ‘செய்துகொள்ளலாம்’ என்றால் அவர் இஷ்டம். அப்புறம் மேலே போய் யார் என்று பாருங்கள், 1-வது நபரா 2-வது நபரா. வழக்கமாக விற்கிறவர் 1, வாங்குகிறவர் 2, ஆனால் மாறியும் வரும். ‘மேற்படியார்’ என்று வந்தால் எந்த மேற்படியார் என்று விரல் வைத்துத் தேடுங்கள். பழைய பத்திரம் என்றால் ‘ஷை’ என்று இருக்கும், அதுவும் மேற்படிதான். ‘நாளது தேதி’ என்றால் பத்திரம் எழுதுகிற அன்றைய தேதி. ‘தபசில்’ என்றால் கடைசியில் வருகிற சொத்து விவரம். ‘சுவாதீனம்’ என்றால் கைவசம், இடம் யார் கையில் இருக்கிறது என்பது. ‘ஷரத்து’ என்றால் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு அம்சமும்.

ஒவ்வொரு ‘வேண்டியது’க்கும் நேராக ஒரு கேள்வி போடுங்கள்: செய்யாவிட்டால்? அதற்குப் பதில் ‘தவறும் பட்சத்தில்’ என்று தொடங்குகிற வரியில் இருக்கும். ஒப்பந்தத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அப்படியொரு வரி இல்லையென்றால் அந்த ‘வேண்டியது’ கேட்க நன்றாக இருக்கும், சண்டை வந்தால் சட்டம் பொதுவாக என்ன சொல்கிறதோ அதைத் தேடிக்கொண்டு அலையணும். நான் அடித்த ஒப்பந்தங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன: ‘2-வது நபர் மேற்படி கெடுவுக்குள் பாக்கிக் கிரயத் தொகையைச் செலுத்திக் கிரயம் செய்துகொள்ள வேண்டியது. தவறும் பட்சத்தில் முன்பணத்தை இழந்துவிட வேண்டியது.’ அவ்வளவுதான். விற்கிறவர் தவறினால்? மூச்சு இல்லை. எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வரி கேளுங்கள்: 1-வது நபர் கிரயம் செய்து கொடுக்கத் தவறும் பட்சத்தில், 2-வது நபர் பாக்கித் தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி, நீதிமன்றம் மூலம் கிரயம் பெற்றுக்கொள்ள வேண்டியது, அதற்கான செலவுக்கு 1-வது நபரே பொறுப்பு. இந்த வரி நல்ல ஒப்பந்தங்களில் தொன்றுதொட்டு வருவதுதான், கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அதுவே ஒரு தகவல்.

இப்போது ‘நிபந்தனை’ என்ற சொல். எல்லா ஷரத்தையும் நிபந்தனை என்றே பேசுகிறோம், ஆனால் சட்டத்தில் அதற்கு எடை வேறு. பத்தமடையில் கல்யாணத்துக்குப் பாய் நெய்யச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்வார்களே, அந்தக் கோரைப்பாய். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கையில் வரணும், பெயர் சரியாக இருக்கணும் என்பது ஒப்பந்தத்தின் அடிப்படை. அது தவறினால் பாயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஓரத்துணி கருஞ்சிவப்பில் கேட்டது கொஞ்சம் வெளுப்பாக வந்திருந்தால்? பாயை வாங்கிக்கொண்டு அதற்குத் தக்க விலையைக் குறைக்கச் சொல்லலாமே தவிர வேண்டாம் என்று தள்ள முடியாது. முதலாவது நிபந்தனை, இரண்டாவது உத்தரவாதம். 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 12-வது பிரிவில் இந்த இரண்டையும் இப்படித்தான் பிரிக்கிறது. எது எந்த வகை என்பதைத் தாளில் போட்டிருக்கிற பெயர் முடிவு செய்யாது, ஒப்பந்தத்தின் நோக்கத்தில் அதற்கு என்ன இடம் என்பதுதான் முடிவு செய்யும். அதனால் உங்களுக்கு எது உயிரான விஷயமோ அதை ‘இது நிறைவேறாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து முழுத்தொகையையும் திரும்பப் பெறலாம்’ என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக ஒரு நிபந்தனை இருக்கிறது, யார் கையிலும் இல்லாத ஒன்று நடந்தால்தான் மேற்கொண்டு என்பது. பேங்க் லோன் கிடைத்தால் கிரயம், பட்டா பெயர் மாறி வந்தால் கிரயம், இந்த மாதிரி. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 31-வது பிரிவில் தொடங்கி வருவது இதுதான். அந்த விஷயம் நடக்கிற வரைக்கும் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, நடக்கவே முடியாது என்று ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. லோன் போட்டு வாங்குகிற எல்லோருக்கும் இது தேவை. ஆனால் நிறையப் பேர் லோன் பற்றி வாயால் பேசியதோடு விட்டுவிடுகிறார்கள், ஒப்பந்தத்தில் ‘90 நாளுக்குள் செலுத்த வேண்டியது’ என்று மட்டும் இருக்கும். பேங்க் கை விரித்தால் தவறியவர் நீங்கள்தான்.

பணத்துக்குப் போகலாம். அச்சாரம் வேறு, முன்பணம் வேறு. அச்சாரம் என்பது ‘நான் நிச்சயமாக வாங்குவேன்’ என்பதற்குக் கொடுக்கிற பிணை மாதிரி, வாங்காவிட்டால் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் போகக்கூடியது. கிரயத் தொகையில் ஒரு பகுதியாகக் கொடுத்ததை அப்படி இழக்கச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொல்லியிருக்கிறது. நம் பக்கம் இரண்டையும் ‘அட்வான்ஸ்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். இருபத்தைந்து லட்ச ரூபாய் வயலுக்குப் பத்து லட்சம் கொடுத்துவிட்டு, முழுவதையும் ‘முன்பணமாக, தவறினால் இழக்க’ என்று எழுதவிட்டால் அப்புறம் வருஷக்கணக்கில் வாதாடணும். அச்சாரம் இவ்வளவு, கிரயத்தில் பகுதித்தொகை இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். ‘தவறினால் இரட்டிப்பாகத் தருவேன்’ என்ற வரி கேட்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்புதான், நியாயமான நஷ்டம் எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதற்குப் பொதுவாக வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது, மாட்டினால் வாங்கினவருக்குத்தான் அபராதம். அதைவிட முக்கியம், ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால்’ என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு கொடுத்ததை நிரூபிக்க முயல்வது பெரிய பாடு.

இனி எனக்கே விழுந்த அடி. எங்கள் அத்தான் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வயல் பேசினார். 62 சென்ட், சென்ட் 40,000 ரூபாய், மொத்தம் 24 லட்சத்து 80 ஆயிரம். ‘நீதான் பத்திரம் பத்திரமா அடிக்கியே மாப்ள, நீயே பார்த்துக்கோ’ என்றார். நான் பார்த்தேன். பார்த்தேன் என்றால் கண் ஓடியது. தபசிலில் ‘சுமார் 62 சென்ட், கூடக்குறைய இருந்தாலும் மேற்படி தொகைக்கே’ என்று இருந்தது. அந்த வரியை எத்தனையோ தடவை டைப் அடித்தவன் நான், அதனாலேயே அது கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். மூன்று லட்சம் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் சர்வேயரை வைத்து அளந்தோம். பிசானப் பருவ நெல்லுக்கு உழுது தொளி அடித்த வயல், முழங்கால் வரைக்கும் சேறு, வரப்பிலேயே நடந்து நான்கு மூலைக்கும் போய்ச் சங்கிலி பிடித்தால் வந்தது 58. கீழ்வரப்பைப் பக்கத்து வயல்காரர் வருஷத்துக்கு ஒரு சாண் என்று வெட்டி வெட்டி உள்ளே வந்திருக்கிறார். நாலு சென்ட், ஒரு லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். விற்கிறவர் தாளைக் காட்டினார். ‘கூடக்குறைய இருந்தாலும்னு போட்டிருக்குல்லா?’ போட்டுத்தான் இருந்தது. வீரவநல்லூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு நாள் பேசி 80 ஆயிரம் குறைத்தார், அது அவருடைய நல்ல மனசு, எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அத்தான் இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் இதைச் சொல்லிக் காட்டுவார்.

அதனால் அளவு விஷயத்தில் ‘அளந்து வந்த சென்டுக்கு, சென்ட் ஒன்றுக்கு இவ்வளவு வீதம்’ என்று எழுதுங்கள். நான்கெல்லையை நேரில் நின்று ஒப்பிடுங்கள், ஏனென்றால் தாளில் இருக்கிற அளவும் எல்லையும் ஒன்றுக்கொன்று மாறினால் பொதுவாக எல்லையைத்தான் நீதிமன்றம் பெரிதாக எடுக்கும். பழைய தாய்ப்பத்திரத்தில் இன்னும் ‘கோட்டை விதைப்பாடு’, ‘மரக்கால் விதைப்பாடு’ என்று இருக்கும், இத்தனை விதை விதைக்கிற அளவு நிலம் என்று பொருள். அதை யாராவது வாயால் சென்டுக்கு மாற்றிச் சொன்னால் நம்பாமல் பட்டாவோடும் புலப்படத்தோடும் (சர்வே வரைபடம்) சரிபாருங்கள். வயல் என்றால் நிற்கிற பயிர் யாருக்கு, வாழை என்றால் தார் வெட்டுகிற வரைக்கும் யார் சுவாதீனம், எந்த மடையில் தண்ணீர், எந்த வரப்பில் வண்டி போகும், இதெல்லாம் ஒரு வரியில் வந்துவிடணும். களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழை நிற்கிற தோட்டத்தைக் கைமாற்றிவிட்டுத் தாருக்குச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கெடு. ஒப்பந்தச் சட்டம் 55-வது பிரிவில் காலம் ஒப்பந்தத்தின் சாரமா இல்லையா, அதாவது கெடு தவறினாலே ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்ற விஷயம் வருகிறது. நிலம், வீடு விற்பனையில் பொதுவாகக் காலம் சாரமில்லை என்றுதான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும், அதாவது பத்து நாள் பிந்தினால் மட்டும் ஒப்பந்தம் செத்துவிடாது. இதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு, அதோடு ‘கேஸ் போட 3 வருஷம் டைம் இருக்கு’ என்பதையும் சேர்த்துக்கொண்டு ஆட்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 3 வருஷம் என்பது சரிதான், ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து. ஆனால் மதுரையில் ஒரு வீடு, 1978-ல் 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், 5,000 முன்பணம், ஆறு மாதக் கெடு. வாங்குகிறவர் இரண்டரை வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு அப்புறம் எழுதிக்கொடு என்று வழக்குப் போட்டார். அதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது. உச்ச நீதிமன்றம் 1997-ல் அவருக்குக் கிரயம் கிடையாது என்றது. கெடுவுக்குள் பணம் தயாராக இருந்தது, நீங்கள் கேட்டீர்கள், அவர் தரவில்லை, இதற்குத் தாள் வேண்டும். பேங்க் கணக்கில் தொகை, கெடு முடிகிறதுக்கு முன்னாடி, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கிற மாதிரி தபாலில் ஒரு நோட்டீஸ். ‘தயாராகவும் விருப்பமாகவும்’ என்று வக்கீல் நோட்டீஸில் வருவது இந்தச் சங்கதிதான். கெடுவை நீட்டினால் அதையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், போனில் ‘சரி அண்ணாச்சி, தை பிறக்கட்டும்’ என்றது கணக்கில் வராது.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். கிரய ஒப்பந்தம் என்ற பெயரில் நான் அடித்ததில் கணிசமானவை கிரயத்துக்கானவையே இல்லை, வட்டிக் கடனுக்கானவை. பார்த்ததும் தெரிந்துவிடும்: விலை அநியாயத்துக்குக் குறைவு, அதிலும் முக்கால்வாசிக்கு மேல் முன்பணமாகக் கொடுத்தாகிவிட்டது, பாக்கி பத்தாயிரமோ இருபதாயிரமோ, கெடு மட்டும் இரண்டு மூன்று வருஷம். நிஜமாக வீடு வாங்குகிறவன் பத்தாயிரத்தைப் பாக்கி வைத்துவிட்டு மூன்று வருஷம் காத்திருப்பானா? கடன் வாங்கியவர் வட்டி கட்டிக்கொண்டே இருப்பார், ஒரு மாதம் தவறினால் இந்தத் தாள் வெளியே வரும். கடன் என்று நிரூபிக்க முடிந்தால் நீதிமன்றம் கேட்கும், ஆனால் நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில். இதைவிட மோசமானது நேராகவே கிரயம் எழுதிக்கொடுத்துவிட்டு, பணம் கொடுத்தால் திருப்பி எழுதித் தருகிறேன் என்று தனித்தாளில் வாங்குவது. திருப்பி எழுதிக்கொடுக்கிற நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும், சொத்து மாற்றுச் சட்டம் 58-வது பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. தனித்தாள் என்றால் உங்கள் வீடு விற்றதுதான். கடன் என்றால் அடமானம் என்றே எழுதுங்கள், செலவு கூடினாலும்.

‘வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்’ என்ற வரி எல்லாவற்றிலும் இருக்கும். இது கையெழுத்துப் போட்டவருடைய வாரிசுகளைப் பற்றியது. பூர்வீகச் சொத்தில் பங்குள்ள அக்கா தங்கை கையெழுத்துப் போடவில்லையென்றால் அவர்களை இது எப்படிக் கட்டும்? ‘அவ பாம்பேல இருக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டா’ என்பார் அண்ணன். அவள் சொல்ல மாட்டாள், அவள் மருமகன் சொல்வான். ‘வில்லங்கம் ஏதுமில்லை, இருந்தால் முன்னின்று தீர்த்துத் தருவேன்’ என்பதிலும் ‘தன் சொந்தச் செலவில், கிரயத்துக்கு முன்பாக’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தாச்சே என்பீர்கள். ஈசியில் பதிவானது மட்டும்தான் வரும். வாய்ப்பேச்சு ஒத்தி, பதியாத உயில், விடுபட்ட வாரிசு இதெல்லாம் அதில் தெரியாது, ஊருக்குள் போய்ப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டால்தான் தெரியும்.

எல்லாம் சரியென்றால் பதிவு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிந்தாகணும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்திருக்கிறோம் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதியாததையும் கிரயம் கேட்கிற வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2023-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது கடைசிக் கதவு. பதியாவிட்டால் ஈசியில் வராது, அதே வயலை அவர் இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுத்தால் அந்த ஆள் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லத் தோதாகிவிடும். இன்னொன்று, ஒப்பந்தத்தினால் மட்டும் சொத்து உங்களுடையது ஆகிவிடாது, கிரயம் எழுதுகிற வரைக்கும் அது விற்கிறவர் சொத்துதான், அதனால் ஒப்பந்தத்தை நம்பி காம்பவுண்டு கட்டப் போகாதீர்கள்.

கையெழுத்துப் போடுகிற அன்று பேனாவால் திருத்தம் செய்தால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்துப் போடணும், ஒவ்வொரு தாளின் அடியிலும் போடணும். காலி இடம் விட்ட ஷரத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒருவேளை பேச்சு முறிந்து பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு பிரிந்தீர்கள் என்றால் அன்றைக்கே இரண்டு பேருமாகப் போய் ஒப்பந்த ரத்துப் பத்திரம் பதிந்துவிடுங்கள். இதில் பணம் கொடுத்தவரைவிட விற்கிறவர்தான் ஏமாந்துபோகிறார், ஏனென்றால் ரத்து பதியாவிட்டால் ஈசியில் அந்த ஒப்பந்த வரி அப்படியே கிடக்கும், ஐந்து வருஷம் கழித்து வேறொருத்தர் வாங்க வந்து அதைக் காட்டும்போது, ரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய பழைய ஆள் துபாயில் இருப்பார்.